ஸ்டாக் கார் பந்தயத்தை நேரில் போய்ப் பார்த்து என்னத்தைக் கண்டீர்கள்?

27 அக்டோபர் 2024, இரவு 9:50 (ஒரு வாசகரின் கேள்வி)

இன்று ஹோம்ஸ்டெட்டில் டைலர் ரெடிக் கடைசி வளைவில் பிளேனியைத் தாண்டியதை டிவியில் பார்த்தேன். நாலு கோணத்தில், மெதுவாக்கி, ஓட்டுநரின் ரேடியோ பேச்சோடு காட்டினார்கள். இதையே நேரில் போயிருந்தால் வெயிலில் காய்ந்துகொண்டு, ஒரு கலர்ப் புள்ளி இன்னொரு கலர்ப் புள்ளியைத் தாண்டுவதைத்தான் பார்த்திருப்பேன். சுற்றிச் சுற்றி ஓடும் காரை டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பவர்கள் அங்கே என்னதான் காண்கிறார்கள்?

27 அக்டோபர், இரவு 11:15

நான் போயிருக்கிறேன். இரண்டு தடவை. அமெரிக்காவில் இந்த ஸ்டாக் கார் பந்தயத்தை நடத்துவது நாஸ்கார் என்ற அமைப்பு. அதில் ஓடும் அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறை வட கரோலினாவின் சார்லட்டைச் சுற்றித்தான் இருக்கிறது: கான்கார்ட், மூர்ஸ்வில், ஹண்டர்ஸ்வில். அந்த ஊரில் பதின்மூன்று வருடம் குப்பை கொட்டிவிட்டு ஒரு பந்தயம்கூடப் பார்க்காமல் இருந்தால், மதுரையில் குடியிருந்துகொண்டு மல்லிகைப்பூ வாங்காத கதை.

முதல் தடவை பிரிஸ்டல், 25 ஆகஸ்ட் 2012, இரவுப் பந்தயம். இரண்டாவது மார்ட்டின்ஸ்வில், 30 அக்டோபர் 2022. தேதியைச் சொன்னதுமே விஷயம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பிரிஸ்டலில் டோனி ஸ்டூவர்ட் தன் ஹெல்மெட்டை மேட் கென்செத்தின் கார் மேல் இரண்டு கையாலும் வீசி அடித்தாரே, அதை என் கண்ணால் பார்த்தேன். மார்ட்டின்ஸ்வில்லில் ராஸ் சாஸ்டெயின் சுவரோடு உரசிக்கொண்டே ஐந்து காரைத் தாண்டினானே, அதையும் என் கண்ணால் பார்த்தேன். இரண்டையும் நேரில் பார்த்த தமிழன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொடுத்த காசு செரித்துவிட்டது.

தெரியாதவர்களுக்காக இரண்டாவதை மட்டும் விளக்குகிறேன். மார்ட்டின்ஸ்வில் அரை மைல் திடல். பேப்பர் கிளிப் வடிவம். 800 அடியில் இரண்டு நேர்ப்பாதை, இரண்டு பக்கமும் கொண்டை ஊசி வளைவு. 500 சுற்று. அன்று அந்தப் பந்தயம் முடிந்ததும் நாலு பேர்தான் அடுத்த வாரம் பீனிக்ஸில் கோப்பைக்கு மோத முடியும். கடைசிச் சுற்றில் சாஸ்டெயின் பத்தாவது இடத்தில் இருந்தான். டென்னி ஹாம்லினைப் புள்ளியில் முந்தி உள்ளே போக இன்னும் இரண்டு இடம் வேண்டும். பின்பக்க நேர்ப்பாதையில் ஐந்தாவது கியரைப் போட்டு, பிரேக் பக்கமே காலை வைக்காமல், வண்டியை வெளிச்சுவரில் சாய்த்துவிட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தான். சுவர்தான் ஸ்டியரிங். அந்தச் சுற்று 18.845 விநாடி. மற்றவர்களுக்கு அதே சுற்று 20 விநாடிக்கு மேல். இரண்டு இடம் கேட்டவனுக்கு ஐந்து கிடைத்தது. சின்ன வயதில் கேம்கியூப் வீடியோ விளையாட்டில் இப்படி ஓட்டிய ஞாபகத்தில் செய்தானாம்.

இதை நேரில் பார்ப்பதும் டிவியில் பார்ப்பதும் ஒன்றா? போங்கள் சார்.

28 அக்டோபர், காலை 7:30

அரை மைல் என்று எழுதியது தோராயம். 0.526 மைல், அதாவது 846 மீட்டர் சொச்சம். பிரிஸ்டல் 0.533 மைல். இதற்கெல்லாம் இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை.

29 அக்டோபர், இரவு 10:05

ஹெல்மெட் கதை கேட்டவர்களுக்கு.

2012-ல் எனக்கு இந்த விளையாட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ரூமில் இருந்த ஒருவன் அலுவலகத்தில் யாரோ வேண்டாம் என்று தள்ளிய டிக்கெட்டை வாங்கி வந்தான். மூன்று மணி நேரம் அப்பலாச்சிய மலைகளுக்குள் வண்டி ஓட்டிப் போனோம். மலைக்கு நடுவே திடீரென்று ஒரு இரும்புக் கிண்ணம். ஒன்றரை லட்சம் பேர் உட்காரக்கூடிய கிண்ணம். பாதை கான்கிரீட், வளைவுகளில் 24 முதல் 28 டிகிரி வரை சாய்வு. அந்தச் சாய்வில் கார் நிற்காமல் சறுக்கிவிடும் என்றே தோன்றும்.

காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் கெத்தாக மறுத்துவிட்டேன். முதல் சுற்றுகள் பாதுகாப்பு காருக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தன. எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். அப்புறம் பச்சைக் கொடி. 43 கார்கள் ஒரே சமயத்தில் மிதித்ததும் கைகள் தானாகக் காதுக்குப் போய்விட்டன. ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் நெஞ்சுக்கூட்டில் ஒரு குத்து விழுமே, அது ஒரு தடவை விழுந்து முடிந்துவிடும். இங்கே மூன்று மணி நேரம் முடியவில்லை. பத்தாவது சுற்றில் பக்கத்து சீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு ஜோடி அடைப்பானை என் மடியில் போட்டார். புதுசாகப் போகிறவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வருடப் பாதைக்கு ஒரு பின்கதை உண்டு. 2007-ல் பாதையைப் புதுப்பித்ததிலிருந்து கார்கள் ஒன்றையொன்று இடிக்காமல் ஒதுங்கி ஓட இடம் கிடைத்துவிட்டது. பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிரிஸ்டல் என்றால் இடிக்க வேண்டும். 2012 மார்ச் பந்தயத்துக்குக் கூட்டம் குறைந்ததும் உரிமையாளர் புரூட்டன் ஸ்மித் மேல்விளிம்பை ராவச் சொன்னார். மேலே பிடிமானம் போனால் எல்லாரும் கீழே வந்து முட்டிக்கொள்வார்கள் என்று கணக்கு. ஆகஸ்டில் நடந்ததோ தலைகீழ். ராவிய இடத்தில்தான் வேகம் கிடைத்தது, எல்லாரும் சுவரை ஒட்டி மேலே ஓடினார்கள். ஆனாலும் முட்டிக்கொண்டார்கள். ஆக, கணக்குத் தப்பு, விடை சரி.

ஸ்டூவர்ட்டும் கென்செத்தும் முதலிடத்துக்கு மோதி இருவரும் சுவரில் போய் விழுந்தார்கள். கென்செத் வண்டியைக் கிளப்பிவிட்டான். ஸ்டூவர்ட் இறங்கி, பிட் பாதையில் (சக்கரம் மாற்ற, பெட்ரோல் ஊற்ற வண்டிகள் ஒதுங்கும் பாதை) காத்து நின்று, வண்டி வரும்போது ஹெல்மெட்டை எறிந்தார். முன்பாகத்தில் பட்டுத் தெறித்தது. நடுவில் தொங்கும் அந்த நாலுமுகப் பெரிய திரையில் ஹெல்மெட் சுழன்று போவதை மெதுவாகத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இன்னும் கண்ணில் நிற்கிறது. பந்தயத்தை ஜெயித்தது ஹாம்லின். அன்றிலிருந்து நான் ஹாம்லின் ரசிகன். ஜெயித்தவன் பக்கம் சேர்ந்துகொள்வது நம் ஊர்ப் பழக்கம்தானே.

30 அக்டோபர், மதியம் 1:20

மாட்டிக்கொண்டேன்.

பிரிஸ்டலில் அந்தத் தொங்கும் திரை 2016-ல்தான் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேடிப் பார்த்தேன். சரிதான், 2016.

அப்படியானால் 2012-ல் நான் எந்தத் திரையில் பார்த்தேன்? காலையிலிருந்து இதே யோசனை. ஒரு மீட்டிங்கில் என்னிடம் ஏதோ கேட்டார்கள், இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. யூடியூபில் அந்தக் காட்சியை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். 2016-ல் அந்த மைதானத்தில் கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து நடந்ததே, 1,56,990 பேர் வந்தார்களே, அதை டிவியில் பார்த்தபோது திரையையும் பார்த்திருப்பேன். இரண்டையும் மூளை ஒன்றாக ஒட்டி, நேரில் பார்த்தது என்று சீல் குத்தி வைத்திருக்கிறது.

சத்தியமாக ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதுகிறேன். எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். முன்னால் நின்றவர் என்னைவிட ஒரு அடி உயரம். அவருடைய இரண்டு தோள்களுக்கு நடுவே, தூரத்தில், ஒரு ஆள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவது தெரிந்தது. அப்புறம் ஒரு பெரிய "ஓ". என்ஜின் சத்தத்தையும் அமுக்கிய ஓ. நானும் "ஓ" என்றேன். பக்கத்தில் இருந்த ரூம் நண்பன் "என்னடா ஆச்சு?" என்றான். "தெரியல, கத்து" என்றேன்.

அவ்வளவுதான் நான் பார்த்த ஹெல்மெட்.

30 அக்டோபர், மதியம் 1:45

சிரிக்காதீர்கள். மார்ட்டின்ஸ்வில் அப்படி இல்லை. அங்கே என்னோடு சாட்சி இருக்கிறார்: என் அப்பா.

31 அக்டோபர், இரவு 8:40

இன்று தீபாவளி. இங்கே வெடி கிடையாது, பக்கத்துத் தெருவில் ஹாலோவீன் குழந்தைகள்தான் வாசலுக்கு வாசல் நிற்கின்றன. அதிரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டு அப்பா கதையை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. முப்பது வருடம் தகரமும் மரமும் தட்டியவர். 2022-ல் விசிட்டர் விசாவில் அம்மாவோடு வந்திருந்தார். இரண்டு மாதத்தில் வால்மார்ட், கோயில், அருவி எல்லாம் காட்டி முடித்துவிட்டோம். மனிதர் பால்கனியில் நின்று எதிர்வீட்டுக்காரர் கார் கழுவுவதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சரி, இவரைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று டிக்கெட் எடுத்தேன். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு தக்காளி சாதம் கட்டிக் கொடுத்தார்.

கிரீன்ஸ்பரோ வழியாக இரண்டு மணி நேரம். மலையோரம் இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. புல்வெளியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். வெளியே ஒரு காட்சிக் காரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்பா நேராக அதன் மூக்குக்குப் போய்க் குனிந்தார்.

"டேய், இதென்ன லைட்டு ஸ்டிக்கரு?"

ஆமாம், ஸ்டிக்கர்தான். நாஸ்கார் காரின் முகப்பு விளக்கு வெறும் ஒட்டுப்படம். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கும் காரை அப்படியே ஓட்டுவது என்று பொருள். அது அந்தக் காலம். இன்று கேம்ரி, மஸ்டாங் என்று பெயர் மட்டும்தான் கடையில் கிடைக்கும். உள்ளே குழாயைப் பற்றவைத்த கூண்டு, வெளியே அச்சில் வார்த்த ஓடு. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதுவும் பாடி கட்ற வேலைதான்னு சொல்லு." அதுவரை பந்தயம் பார்க்க வந்த மாமனார் வீட்டு விருந்தாளி மாதிரி நடந்தவர், அதற்கப்புறம் பட்டறைக்காரர் நடை நடந்தார்.

2 நவம்பர், காலை 10:30

தொடர்ச்சி. நாளை மார்ட்டின்ஸ்வில் பந்தயம், அதற்குள் எழுதி முடிக்கிறேன்.

காது அடைப்பானை நீட்டினேன். "தகரம் தட்டுனவனுக்கு இதெதுக்கு?" என்றார். அதே கெத்து, அதே ரத்தம். பச்சைக் கொடி விழுந்த அரை நிமிடத்தில் தோளில் தட்டிக் கையை நீட்டினார்.

அவர் பார்த்த பந்தயமும் நான் பார்த்த பந்தயமும் வேறு வேறு. நான் யார் முதல், யார் இரண்டாவது, ஹாம்லினுக்குப் புள்ளி எத்தனை என்று வாடகைக்கு எடுத்த ஸ்கேனரை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். (ஸ்கேனர் என்றால், ஓட்டுநரும் மேலே நின்று வழி சொல்லும் ஸ்பாட்டரும் பேசுவதைக் கேட்கும் ரேடியோ.) அப்பா பிரேக்கைப் பார்த்தார். வளைவுக்கு முன்னால் சக்கரத்துக்குள் டிஸ்க் செக்கச் செவேலென்று எரிவது தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் மிதித்தாக வேண்டும். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு, இறங்கி வந்தால் லாரி பிரேக்கில் புகை வரும் என்பார். இங்கே 500 சுற்று, சுற்றுக்கு இரண்டு. "ஆயிரம் தடவையா? லைனர் என்னத்துல பண்றான்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

பிட்டில் ஐந்து பேர் சுவரைத் தாண்டிக் குதித்து, நாலு சக்கரத்தையும் மாற்றி, பெட்ரோல் ஊற்றி அனுப்ப பத்து விநாடி சொச்சம். அந்த வருடம்தான் புதுக் கார் வந்து, சக்கரத்துக்கு ஐந்து நட்டு போய் நடுவில் ஒரே நட்டு ஆகியிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயம் எங்கேயோ போனது, அவர் ஒரு பிட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மார்ட்டின்ஸ்வில் ஹாட்டாக் பற்றித் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சாப்பிட்டோம். உள்ளே இருக்கும் கறி பஞ்சுமிட்டாய் நிறம். மேலே மிளகாய்க் கறிக்குழம்பு, முட்டைக்கோஸ், வெங்காயம், கடுகுச் சாந்து, எல்லாவற்றையும் மெழுகுத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். அப்பா ஒன்றைத் தின்றுவிட்டு, "பரவால்ல" என்றார். பிறகு தக்காளி சாதத்தைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். சாதத்தின் மேல் மிளகு தூவிய மாதிரி கறுப்பாக ஏதோ விழுந்திருந்தது. டயரிலிருந்து தேய்ந்து பறக்கும் ரப்பர் துணுக்கு. விரலால் நசுக்கிப் பார்த்து, மோந்து, ஒரு பெரிய துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இடையில் பின்பக்கம் ஒரு கூட்ஸ் ரயில் போனது என்று அப்பா சொன்னார். திடலை ஒட்டியே தண்டவாளம் இருக்கிறது.

கடைசிச் சுற்றை நாளை பந்தயம் முடிந்ததும் எழுதுகிறேன்.

3 நவம்பர், இரவு 8:10

என்ன நடக்கிறது இங்கே?

பார்க்காதவர்களுக்கு: பிளேனி ஜெயித்துவிட்டான். ஆனால் பீனிக்ஸுக்குப் போகும் கடைசி இடத்துக்கு பைரனும் கிறிஸ்டபர் பெல்லும் மோதினார்கள். கடைசிச் சுற்றில் பபா வாலஸ் மெதுவாகிவிட, பெல் அவனைத் தாண்டிப் புள்ளியைச் சமன் செய்து, மூன்றாவது வளைவில் சறுக்கிச் சுவரில் முட்டி, அப்படியே சுவரோடு கோடு வரை ஓட்டிவிட்டான். சாஸ்டெயின் செய்த அதே இடம். ஆனால் 2023 தொடக்கத்திலேயே, இனி இப்படிச் செய்தால் பாதுகாப்பு விதிப்படி தண்டனை என்று நாஸ்கார் சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட அரை மணி நேரம் எல்லாரையும் நிற்க வைத்துவிட்டு, பெல் வெளியே, பைரன் உள்ளே என்று தீர்ப்பு.

வேண்டுமென்று செய்யவில்லை என்கிறான் பெல். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சாஸ்டெயின் மிதித்துக்கொண்டு போனான், இவன் தவறிப்போய் ஒட்டிக்கொண்டான்.

3 நவம்பர், இரவு 11:55

தூக்கம் வரவில்லை.

டிவியில் பெல் சுவரில் உரசுவதைப் பார்த்ததும் எனக்கு 2022 ஞாபகம் வந்திருக்க வேண்டும் இல்லையா? நேரில் பார்த்த ஆள் ஆயிற்றே. வந்தது. ஆனால் வந்த காட்சி மேலேயிருந்து எடுத்தது. ஹெலிகாப்டரிலோ கிரேனிலோ உட்கார்ந்து பார்த்த மாதிரி. நான் உட்கார்ந்திருந்தது பெஞ்சில்.

சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கவில்லை.

கடைசி ஐந்து சுற்று இருக்கும்போது பெல் முதலிடத்துக்கு வந்துவிட்டான். ஜெயித்தால்தான் அவனுக்கு பீனிக்ஸ். ஹாம்லின் ஐந்தாவது, சாஸ்டெயின் பத்தாவது. நடுவில் நாலு கார். ஒரு சுற்றில் என்ன செய்துவிடுவான் என்று நான் ஹாம்லினைக் கணக்கில் உள்ளே அனுப்பிவிட்டு, ஸ்கேனரைக்கூட பெல்லின் அலைவரிசைக்கு மாற்றிவிட்டேன். கொடி ஆடுவதையும் 20-ஆம் நம்பர் கார் கோட்டைத் தாண்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் தோளை உலுக்கினார். ஒரு காதை எடுத்துவிட்டு "என்னப்பா?" என்றேன்.

"சாமி, ஒரு வண்டி செவுத்தோட ஒரசிக்கிட்டே போச்சு. பிரேக்கு புடுங்கிக்கிச்சாட்ட இருக்குது. டிரைவருக்கு என்னாச்சோ பாவம்."

"அதெல்லாம் இங்க சகஜம்ப்பா. கொடியைப் பாருங்க" என்றேன்.

பத்து நிமிடம் கழித்து முன்வரிசைக்காரர் போனைத் திருப்பிக் காட்டினார். சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரும் ஒருவர் போனில் ஒருவர் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டம் நடந்த இடத்திலேயே இருந்துகொண்டு, நாலு அங்குலத் திரையில் பார்த்தோம். நான் பார்த்தது அதைத்தான். ஹாம்லின் போய்விட்டான் என்பதும் அந்தப் போனில்தான் எனக்குத் தெரிந்தது.

என் தரப்பில் ஒரு சமாதானம்: நாங்கள் உட்கார்ந்திருந்தது முதல் வளைவுப் பக்கம். அங்கிருந்து மூன்றும் நாலும் சரியாகத் தெரியாது.

4 நவம்பர், இரவு 9:20

"நம்ம ஆட்கள் போனால் எப்படிப் பார்ப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

2012-ல் பிரிஸ்டலைச் சுற்றியிருந்த கூடாரங்களில் கூட்டமைப்புக் கொடிகள் பறந்தன. அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தென்மாநிலங்களின் கொடி. அப்போது எனக்கு அதன் அர்த்தம் பாதிதான் தெரியும், ஆனாலும் நடை தானாக வேகமாகியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அடைப்பான் கொடுத்தவரின் தொப்பியிலும் அந்தக் கொடிதான் இருந்தது. இதை முந்தைய பதிவில் ஏன் எழுதாமல் விட்டேன் என்று தெரியவில்லை. நல்ல கதையில் அது இடித்தது போல.

நாஸ்கார் அந்தக் கொடியைத் தடை செய்தது 2020 ஜூன் 10. அன்றிரவே மார்ட்டின்ஸ்வில்லில் பந்தயம். பபா வாலஸ் கறுப்பின உயிர்களும் முக்கியம் என்று எழுதிய காரை ஓட்டினான். 2022-ல் நான் அப்பாவோடு போனபோது உள்ளே ஒரு கொடியும் கண்ணில் படவில்லை. வழியில் இரண்டு வீட்டு வாசலில் பட்டது.

மார்ட்டின்ஸ்வில்லிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் டான்வில். வெண்டல் ஸ்காட்டின் ஊர். தானே மெக்கானிக், தானே ஓட்டுநர். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் ஜெயித்து, நாஸ்காரின் பிரதான தொடரில் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஆனால் கொடியை பக் பேக்கருக்குத்தான் ஆட்டினார்கள். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கணக்கில் பிழை, ஜெயித்தது ஸ்காட் என்றார்கள். கோப்பையை அன்று கொடுக்கவில்லை. அவர் 1990-ல் இறந்துபோனார், குடும்பத்தின் கைக்குக் கோப்பை வந்தது 2021-ல். அந்த வருடம் அக்டோபரில்தான் வாலஸ் டல்லடேகாவில் ஜெயித்து இரண்டாவது ஆள் ஆனான். அன்று ஜாக்சன்வில்லில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், பேக்கர் ஜெயித்ததைக் கண்ணால் பார்த்தோம் என்றுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

5 நவம்பர், இரவு 10:30

தண்டனை அறிவித்துவிட்டார்கள். வாலஸ், ஆஸ்டின் டில்லன், சாஸ்டெயின், மூன்று பேருக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம், அணிகளுக்குத் தனியாக அதே அளவு, 50 புள்ளியும் வெட்டு. டில்லனும் சாஸ்டெயினும் பைரனுக்குப் பின்னால் வேலி மாதிரி நின்று யாரையும் தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். டில்லன், சாஸ்டெயின், பைரன் மூன்று பேருமே ஷெவர்லே. வாலஸும் பெல்லும் டொயோட்டா.

இரண்டு வருடம் முன்னால் ஒரு இடத்துக்காக வண்டியையே சுவரில் தேய்த்தவன், இப்போது வழியை அடைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டியதற்குத் தண்டனை வாங்கியிருக்கிறான். வீட்டில் தர்பூசணி விவசாயம், ஜெயித்தால் ஒரு பழத்தைத் தரையில் போட்டு உடைப்பான். அவனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஹாம்லினை வெளியே அனுப்பியவன் என்ற கோபம் தனி.

6 நவம்பர், காலை 6:50

டிக்கெட் மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம்.

முதல் வளைவு இல்லை. நாலாவது வளைவு முடிகிற இடம், மேல் வரிசை. அங்கே உட்கார்ந்தால் கார்கள் இடமிருந்து வலமாகப் போகும். வலது பக்கம் கோடு, கொடி. இடது பக்கம் நாலாவது வளைவு. சாஸ்டெயின் எங்கள் காலுக்குக் கீழேதான் சுவரை உரசிக்கொண்டு போயிருக்கிறான். நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா இடப்பக்கம்.

சமாதானத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

8 நவம்பர், இரவு 9:00

உட்காருமிடம் கேட்டவருக்குச் சுருக்கமாக: மேல் வரிசை எடுங்கள். வேலிக்குப் பக்கத்து வரிசை மலிவாக இருக்கும், ஒரு காரும் முழுதாகத் தெரியாது. பயமும் ஒரு காரணம். 2013 பிப்ரவரியில் டேட்டோனாவில், பிரதான பந்தயத்துக்கு முந்தைய நாள், கைல் லார்சனின் கார் வேலியில் ஏறி, சக்கரமும் உதிரிகளும் கூட்டத்துக்குள் போய் விழுந்து இருபத்தைந்து பேருக்கு மேல் காயம்பட்டார்கள். காது அடைப்பான் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். ஒன்று, கெத்தாக மறுக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்கு.

11 நவம்பர், இரவு 10:15

நேற்று லொகானோ கோப்பையை ஜெயித்துவிட்டான். 2022-லும் இவன்தான், புள்ளியில் இரண்டாவதாக வந்தவன் சாஸ்டெயின். சரி, அது கிடக்கட்டும்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை நேரம், பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வியையே கேட்டேன்: அன்றைக்குக் கடைசியில் என்ன பார்த்தீர்கள்?

"அந்தச் செவுத்து வண்டிதான? கைய ஸ்டியரிங்ல இருந்து எடுத்துட்டான்டா. கியரப் போட்டான், கைய எடுத்தான்."

மேல் வரிசையில் இருந்து ஓட்டுநரின் கை எப்படித் தெரியும்? அதுவும் வலை கட்டிய ஜன்னல். கையை விட்டதாகச் சாஸ்டெயின் பேட்டியில் சொன்னது, யூடியூபில் அப்பா பார்த்தது. டீக்கடையில் இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் ஒரே சாட்சியும் போய்விட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறென்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். ரப்பர் துண்டு பட்டறை மேசை இழுப்பறையில் இருக்கிறதாம். வந்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ரயிலு" என்றார்.

கார்கள் மஞ்சள் விளக்கில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த நேரமாம். எதிர்ப்பக்கம் பெஞ்சுகளுக்குப் பின்னால் கூட்ஸ் வந்ததாம். டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டு, ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு பந்தயத்தைப் பார்த்துக்கொண்டே போனாராம். இதுவும் அவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"தொண்ணூத்தி நாலு பொட்டி," என்றார் அப்பா. "எண்ணுனேன்."

யூடியூபில் தேடினேன். அந்தப் பந்தயத்தின் முழுப் பதிவையும் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். ரயிலை எங்கேயும் காட்டவில்லை.